எண்பது சதவீதம்

ஏப்ரல் சம்பளப் பட்டியல் போவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வருமான வரி பழைய முறையிலா, புதிய முறையிலா. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினோரு ஆசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். பதினோரு பேருக்கும் புதியது. மங்களாம்பிகை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எழுத்தர் காதர் மைதீன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க டீச்சர். உங்க ஒருத்தருக்காக பில்லு நிக்குது. ஹெச்.எம். என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை."

அவள் உட்கார்ந்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பன்னெண்டே முக்கால் லட்சம் வரைக்கும் சம்பளக்காரனுக்கு வரியே இல்லைன்னுட்டான். உங்களுக்கு வருஷத்துக்கு பதினொன்னு அறுபது. ஒரு பைசா பிடிக்க மாட்டான். கணக்கு வாத்தியார் இதுக்காக எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்தாரு. அவரு வாங்கித் தந்து பார்த்திருக்கீங்களா நீங்க?"

"பழையதுல எவ்வளவு வரும் பாய்?"

அவர் போன வருடத்துக் கணக்குத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். "சேமிப்பு, எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து ஒன்னரை. வீட்டுக் கடன் வட்டி ஒரு லட்சம். அப்புறம்..."

விரல் நின்றது. மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்கான வரிக் கழிவு. வானதி, மகள், எண்பது சதவீதம். ரூ. 1,25,000.

வானதி ஐப்பசியில் போனாள். பதின்மூன்று வயது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டே கடைசிவரை நின்றவர்களில் காதர் மைதீனும் ஒருவர்.

"அது இனிமே வராது டீச்சர்" என்றார், குரலைத் தாழ்த்தி.

"தெரியும்."

"அது இல்லாம பழைய முறைன்னா மாசம் ஏழாயிரத்து முந்நூறு பிடிப்பான். புதுசுல பூஜ்யம். போன வருஷம் மாசாமாசம் ஐயாயிரத்து நூத்தம்பது போச்சுல்ல, அது அப்படியே கைக்கு வரும்." லாபம் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

ஐந்தரை வருடத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஊனம் எண்பது சதவீதம் என்று சான்றிதழில் இருந்தால் வருமானத்தில் ஒன்றே கால் லட்சம் கழியும். அதற்குக் கீழே எழுபத்தைந்தாயிரம்தான். வருடத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் வரி வித்தியாசம். மங்களாம்பிகை இதை வரிசையில் நிற்கும்போதே போட்டுப் பார்த்திருந்தாள்.

டாக்டர் வானதியின் கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். தன் பேனாவை உள்ளங்கையில் வைத்தார். வானதி அதைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு வருடத்தில் அவள் எதையும் பிடித்ததில்லை. காலையில் வயலுக்குக் கிளம்பும்போது அப்பா துரைராசு தன் விரலை அவள் உள்ளங்கையில் வைப்பான். விரல்கள் மடங்காது. "நாளைக்குப் பிடிப்பா" என்று சொல்லிவிட்டுப் போவான். ஒருநாள் தவறியதில்லை.

டாக்டர் பேனாவை இழுத்தார். வானதி விடவில்லை. "பரவாயில்லையே" என்றார் அவர். "எழுபத்தஞ்சு போடலாம்."

"அது தன்னால மடங்குது சார். வலிப்பு மாதிரி. வீட்டுல எதையுமே பிடிக்க மாட்டா" என்றாள் மங்களாம்பிகை. சொல்லிக்கொண்டே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். வானதி வாய் திறந்து அவளையே பார்த்தாள்.

டாக்டர் எண்பது எழுதினார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவில்லை. பேனாவைப் பிடித்தாள் என்று சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். அதற்கப்புறமும் ஐந்து வருடம் துரைராசு காலையில் விரலை வைத்தான்.

"பழையதுலயே பிடிக்கட்டும் பாய்" என்றாள்.

"எதுக்கு?"

"பிடிக்கட்டும்."

காதர் மைதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிடிச்சாலும் நிக்காது டீச்சர். ஜூலையில கணக்கு தாக்கல் பண்றப்ப புதுசுக்கு மாத்திக்கலாம். அவ்வளவும் திரும்ப வந்துடும். உங்க எல்லாருக்கும் தாக்கல் பண்றது நான்தானே? உங்களை ஏமாற விட்டுடுவேனா?"

நல்ல மனிதர். அந்தப் பேனாவைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது?

"சரி. புதுசே போடுங்க."

அவர் கணினியில் ஒரு தட்டுத் தட்டினார். திரையில் கழிவுகளின் பட்டியல் போய்விட்டது. புதிய முறையில் யார் யாரைப் பராமரிக்கிறார்கள் என்ற கேள்வி இல்லை.

சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது துரைராசு சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிக்கொண்டிருந்தான். போகிற வண்டிகள் ஏறி மிதித்து மணியை உதிர்த்துவிட்டுப் போகும்.

"சொல்லிட்டியா அந்த வரியை?"

"புதுசு. இனிமே பிடிக்க மாட்டாங்க. மாசம் ஐயாயிரம் அதிகமா வரும்."

"நீயும் நம்ம கட்சிக்கு வந்துட்ட. எனக்கும் வரி கிடையாது. வருமானம்னு ஒன்னு இருந்தாத்தானே?" அவனே சிரித்துக்கொண்டான். ஐப்பசிக்கு அப்புறம் அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"ஏங்க" என்றாள். "சர்டிபிகேட்டுக்குத் தஞ்சாவூர் போனோம்ல, நானும் அவளும். அன்னைக்கு டாக்டர் பேனாவை அவ பிடிச்சா. கெட்டியாப் பிடிச்சா. நான்தான் பிடுங்கிட்டேன். அஞ்சு பர்சென்ட் குறைச்சிடுவாருன்னு."

துரைராசு கையிலிருந்த செடியைக் கீழே போட்டான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"எந்தக் கையில?" என்று கேட்டான்.

நீல மூடி போட்ட பேனா. சான்றிதழின் எண் தெரியும். கழிந்த தொகை ஒவ்வொரு வருடத்துக்கும் தெரியும். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள். பின்னால் பஸ் ஒலி எழுப்பியது. இருவரும் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். சக்கரத்தின் கீழே காய்கள் வெடித்தன.

"ஞாபகம் இல்லைங்க" என்றாள்.