மகாராணியின் ஹேண்ட் பிரேக்

ஹேண்ட் பிரேக் பிடித்தது. அதுதான் பிரச்சினை.

மெக்கானிக் பின்சக்கரத்தை இரண்டு கைகளாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பிப் பார்த்தார். ஜாக்கியில் நின்ற கார் லேசாக முனகியது. சக்கரம் இம்மி அசையவில்லை. டிரம்மைக் கழற்றிப் பார்த்தாயிற்று. லைனிங் புதுசாக இருந்தது. கேபிள் அறுந்துபோகவில்லை, நழுவவில்லை. லீவருக்கு அடியில் கொக்கியும் பல்லும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஜம்மென்று நின்றன.

எல்லாம் சரி என்றால் தம்பி எப்படிச் செத்தான்?

அந்தக் கார் அவர்கள் அப்பாவைவிட மூத்தது. துருப்பிடித்த கூடாக அதை வாங்கி வந்த தம்பி அதற்கு 'மகாராணி' என்று பெயர் வைத்தான். வாரத்துக்கு ஒரு போன் தவறாது. "அண்ணே, மகாராணிக்கு இருமல். கொஞ்சம் வந்து நாடி பாரேன்." தலையில் அடித்துக்கொண்டே போவார் மெக்கானிக். பிரேக், கேபிள், லீவர் என்று அதில் எதைத் தொட்டிருந்தாலும் அது அவர் கைதான்.

அன்றைக்குத் தம்பி, மனைவி, குழந்தை மூன்று பேரும் வெளியே போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வீட்டு முற்றம் ஏற்றமானது. கேட் சரிவின் அடியில் இருந்தது. தம்பி கேட்டைச் சாத்த இறங்கிக்கொள்ள, அவன் மனைவி காரை மேலே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். பின்சீட்டில் தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள். தம்பி முதுகைக் காட்டிக் குனிந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தான். மகாராணி சத்தமில்லாமல் இறங்கி வந்தாள்.

துக்க வீட்டில் தம்பி மனைவியின் அண்ணன் அத்தனை பேர் நடுவில் மெக்கானிக்கைக் கேட்டார். "கூடப் பொறந்தவன் உசுர வெச்சுத்தான் தொழில் பழகினீங்களா?"

அவள் அழவில்லை. நிமிர்ந்து பார்த்து, "மாமா, இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க" என்றாள். "பெரிப்பா" என்று கையை நீட்டிய குழந்தையை யாரோ உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

காவல் நிலைய வாசலில் வெயில் காய்ந்துவிட்டு, பழைய வண்டி, விபத்து என்று முடிவாகி, கார் நேற்றுதான் வொர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தது. கூடவே அவளிடமிருந்து ஒரு சேதி. 'பிரேக்குல என்ன கோளாறுன்னு என் முன்னாடி பாத்துச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் உறவா, இல்லையான்னு முடிவு.'

நேற்றிலிருந்து மெக்கானிக் ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். 'என் வேலையில தப்பு இல்லம்மா.' அதைச் சொல்லிவிட்டால் போதும். குழந்தையை மறுபடி மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

பத்து மணி வாக்கில் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கூடவே அண்ணன். அவர் உள்ளே வரவில்லை, எண்ணெய்க் கறை தன் செருப்பில் படும் என்பதுபோல வாசலிலேயே நின்று, "சீக்கிரம் முடி. கதை கட்ட நேரம் குடுக்காதே" என்று தங்கையிடம் சொன்னார்.

"சாப்பிட்டியாம்மா?"

"அதெல்லாம் வேணாம் மாமா. என்ன கோளாறு, சொல்லுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு. அன்னிக்கு செஞ்ச மாதிரியே ஒருதரம் செஞ்சு காட்டிடு."

ஜாக்கியை இறக்கி, வண்டியை வாசல் சரிவில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி மரக்கட்டையைப் போட்டார். அவள் ஸ்டியரிங்கைத் தொட பயந்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

"அன்னிக்குத்தான் மொதமொதல்ல இதைத் தொட்டேன் மாமா. நான் இதுக்குச் சக்களத்தின்னுதானே பேரு வெச்சிருந்தேன்? 'இன்னிக்கு ரெண்டு பேரும் சமாதானமாயிடுங்கடி'ன்னு சாவியைக் குடுத்தாரு." சொல்லும்போது உதடு கோணியது. சமாளித்துக்கொண்டாள். "இங்க நிறுத்தினேன். இதோ, லீவரை இழுத்தேன். குமிழை அமுக்கினேன்."

கொக்கி விழுந்து பூட்டியது. பிரமாதமாகப் பிடித்தது. மெக்கானிக்கின் வாயில் அந்த வாக்கியம் தயாராக வந்து நின்றது.

"நான் அஜாக்கிரதையா விடல மாமா. எங்க சின்ன வண்டியிலகூட, இழுத்துட்டு இன்னொரு தடவை சுண்டிப் பாப்பேன், பிடிச்சிருக்கான்னு. அவரு கேலி பண்ணுவாரு. அன்னிக்கும் பாத்தேன். அப்புறம்தான் பாப்பாவைத் தூக்கத் திரும்பினேன்."

சொல்லிக்கொண்டே அவள் பின்சீட்டுப் பக்கம் உடம்பைத் திருப்பினாள். திரும்பும்போதே இடதுகை தானாக லீவரை ஒருமுறை சுண்டிவிட்டு விலகியது.

லீவர் விடுபட்டது.

மெக்கானிக்கின் வலதுகை பாய்ந்து அதைப் பாதி வழியில் பிடித்தது. மேலே இழுத்தார். அப்படியே பிடித்துக்கொண்டார். 

அந்தக் கார் பிறந்தபோது அதற்கிருந்த அதே மாதிரி லீவர் அது. காயலான் கடையில் எதேச்சையாகக் கிடைத்தது என்று தம்பி துள்ளிக்கொண்டு வந்தான். மாட்டிக் கொடுக்கும்போதே அவர் சொன்னார். "டேய், இதுல எல்லாமே தலைகீழ். இழுத்து, குமிழை அமுக்கினாத்தான் பூட்டும். இன்னொருதரம் சும்மா இழுத்தியோ, விட்டுடும். அந்தக் காலத்துல அவசரமாக் கிளம்ப அப்படி வெச்சிருக்கான். வீட்டுல சொல்லி வையி."

"அவளா? சக்களத்தியை அவ தொடவே மாட்டா அண்ணே."

சொல்லியிருப்பான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். அவன் சொல்லவில்லை. இவரும் அவளிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவள் குழந்தையைத் தூக்கும்வரை பின்சக்கரம் முற்றத்து வடிகால் பள்ளத்தில் தயங்கி நின்றிருக்கும். அதை நகர்த்த, அவள் கதவைச் சாத்திய அதிர்வு போதும்.

அவள் திரும்பினாள். லீவர் மேலேதான் இருந்தது, அவர் கைக்குள்.

"இப்பவும் பிடிச்சுதானே இருக்கு?"

"பிடிச்சிருக்கும்மா."

குமிழை அமுக்கினால் பூட்டிவிடலாம். ஆனால் 'க்ளக்' என்று சத்தம் வரும். சத்தம் வந்தால் பார்ப்பாள். பார்த்தால் ஏன் என்று கேட்பாள். அவர் அமுக்கவில்லை.

"அப்போ எப்படி மாமா உருண்டுச்சு?" அவள் குரல் சட்டென்று சன்னமாகிவிட்டது. "தூங்கவே முடியல. நான்தான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனோன்னு... சொல்லுங்க மாமா. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க."

பழகி வைத்திருந்த வாக்கியம் தொண்டையிலேயே செத்தது.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். "கேபிள் நுனியில ஒரு நட்டு. நான்தான் போட்டேன். சரியா முடுக்கல. அன்னிக்கு நழுவியிருக்கு. காலையிலதான் பாத்து முடுக்கினேன். அதான் இப்ப பிடிக்குது. உன் கையில தப்பே இல்ல."

வாசலிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "கேட்டியா? நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. பல நாள் இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்தன. மூச்சு முழுசாக ஒருமுறை வெளியே வந்தது. அதை மெக்கானிக் பார்த்தார். அதைப் பார்க்கத்தான் விலை கொடுத்தார்.

கோபம் அதற்குப் பிறகு வந்தது.

"பாப்பா தினம் உங்களைக் கேக்கறா மாமா." கண் கலங்கவில்லை. "இனிமே கேக்காம நான் பாத்துக்கறேன்."

இறங்கினாள். கதவை ஓங்கிச் சாத்தினாள். கார் குலுங்கியது. மெக்கானிக் இரண்டு கைகளாலும் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணன் போகிற போக்கில் சொன்னார். "அந்தச் சனியனை உடைச்சுப் போட்டுருங்க. அதையாவது ஒழுங்காச் செய்ங்க."

அவர்கள் வண்டி கிளம்பியது, தெருமுனையில் திரும்பியது. கை மரத்துப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு விட்டார்.

லீவர் தானாகப் படுத்துக்கொண்டது. மகாராணி கொஞ்சம் பின்னால் நகர்ந்து, மரக்கட்டையில் முட்டி நின்றாள். துளி சத்தம் இல்லை. அன்றைக்கும் இருந்திருக்காது.