இருபத்திரண்டு நிமிடம்

என் மேசையில் அன்று மூன்று கோப்புகள் இருந்தன. காலை நடைக்குப் போன ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரை மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போன வண்டி, ஒன்று. மருந்துக்கடையின் பின்கதவை உடைத்துத் தூக்கமாத்திரை திருடியது, இன்னொன்று. மூன்றாவது, பாதி முகம் சவரம் செய்துகொண்டிருந்தபோதே எழுந்து வெளியே போய் இன்னும் திரும்பாத ஒரு புருஷன். என் வீட்டுக்காரர் எட்டு மாதம் முன்பு பெட்டியோடு கிளம்பிப் போனது அலுவலகம் முழுக்கத் தெரியும். "தேடுறதுதான் தேடுறீங்க மேடம், ரெண்டு பேரையும் சேத்தே தேடிடுங்களேன்" என்றான் பக்கத்து மேசைக்காரன். கோப்பைத் தூக்கி அவன்மேல் எறிந்தேன். அதற்கு மெமோ வந்தது. இன்னொரு மெமோ வாங்கினால் அடித்தளத்துப் பழைய கோப்பறைதான் என்று பெரியவர் சொல்லிவைத்திருந்தார். பெரியவர் என்றால் எங்கள் போலீஸ் குற்றப்பிரிவின் தலைவர். வயதில் என்னைவிட நாலு வருஷம் சின்னவர்.

நர்ஸ் வழக்கில் வேலை முடிந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு வேன் டிரைவரைப் பிடித்து உள்ளே தள்ளிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பிடித்தவள் நான்தான். நர்ஸ் அடிபட்டது ஆறு ஐம்பதுக்கு. பார்த்தவர் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட பதிவு இருக்கிறது. தெருமுனை பேக்கரியின் கேமராவில் இவன் வேன் சரியாக ஆறு ஐம்பதுக்குப் போகிறது. வேனின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. பழைய இடி என்றான். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்.

அவன் மனைவி தினமும் காலையில் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். தையல்கடையில் வேலை, கழுத்தில் அளவு நாடாவோடுதான் வருவாள்.

"ஆறேமுக்காலுக்கு அவரு டெப்போவுல கையெழுத்துப் போட்டிருக்காரு மேடம். நோட்டுல இருக்கு. ஒரு தடவை பாருங்க."

"பாத்தாச்சு. எவனோ கூட்டாளி போட்ட கையெழுத்து. சும்மா கதை விடாதீங்க."

பத்தொன்பது நாளும் இதே பேச்சுதான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடையில் கேமரா பார்த்தாலும் கைக்கடிகாரத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு நேரத்தையும் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். கடைக் கேமராக்கள் பாதிக்குமேல் நேரத்தைத் தப்பாகத்தான் காட்டும். அந்த வித்தியாசத்தைக் கழித்தால்தான் உண்மையான நேரம். புதிதாக வருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுப்பதே நான்தான்.

அன்று காலை மருந்துக்கடைக்காரருக்கு அவருடைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினேன். கேமரா இருபத்திரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறது என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு சொன்னா? என் கேமரா ஒரு நிமிஷம் தப்பாது. தினம் கடை திறந்ததும் ஃபோனை வச்சு ஒத்துப் பாக்கறவன் நான்."

"நானே பாத்து எழுதினதுங்க."

"அப்ப வேற எங்கயோ பாத்திருக்கீங்க மேடம்."

நோட்டைப் புரட்டினேன். ஒரே நாள், ஒரே பக்கம், இரண்டு கடைகள். பேக்கரிக்கு 'சரி' என்றும் மருந்துக்கடைக்கு '22 முந்தி' என்றும் என் கையெழுத்தே சொன்னது. அன்றைக்கு இரண்டு கடைகளையும் பார்த்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினேன். காணாமல்போனவரின் மனைவி ஃபோனில் அழுதுகொண்டிருந்தாள், பாதி மூஞ்சியோடு மனுஷன் எங்கே போவார் என்று. எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் கிடையாது. கடையிலேயே நின்று எழுதியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேனோ என்று பேக்கரிக்கு ஓடினேன். மாவுக் கையோடு வந்தவரிடம் ஒன்றும் விளக்காமல் கடிகாரத்தைத் திரையோரம் பிடித்தேன். என் கையில் பத்து ஐந்து. திரையில் பத்து இருபத்தேழு.

ஆக, வேன் போனது ஆறு இருபத்தெட்டுக்கு. நர்ஸ் வீட்டைவிட்டுக்கூடக் கிளம்பியிருக்க மாட்டார். விபத்து நேரமான ஆறு ஐம்பது இந்தத் திரையில் ஏழு பன்னிரண்டு. அங்கே ஓட்டச் சொன்னேன். விபத்து நடந்த தெருவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் சீறிக்கொண்டு வருகிறது. முன்விளக்கு ஒன்று உடைந்து தொங்குகிறது.

பாவி நான். செய்யாத தப்புக்கு ஒரு மனிதரை உள்ளே வைத்துவிட்டு, அவர் பெண்டாட்டியைக் கதை விடாதே என்று விரட்டியிருக்கிறேன்.

பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல வேலைம்மா. முதல்ல அந்தக் காரைப் பிடிங்க. பிடிச்சதும் டிரைவரை விட்டுடலாம்."

"பிடிக்க எத்தனை நாளாகும்னு தெரியாது சார். அதுவரைக்கும் அவரு?"

"பத்தொம்பது நாள் இருந்தவன் இன்னும் பத்து நாள் இருக்க மாட்டானா? பத்திரிகைக்காரங்க முன்னாடி பேசினது நான். வெறுங்கையோட போயி நின்னா காறித் துப்புவாங்க. அவ்வளவு அவசரம்னா, பேக்கரிக்காரன் நேரத்தைத் தப்பாச் சொல்லிட்டான்னு எழுதுங்க. உங்க பேரும் கெடாது."

"அவரு ஒண்ணுமே சொல்லல சார். பாத்ததும் நான், எழுதினதும் நான்."

"யோசிச்சுப் பேசுங்கம்மா. வீட்டுலயும் ஒண்ணும் சரியில்ல. வேலையும் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

வீட்டை இழுத்ததும் சுர்ரென்று ஏறியது. கனமான கோப்பு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எறியவில்லை.

"என் வீட்டை நான் பாத்துக்கறேன் சார். நான் கெடுத்தது அவரு வீட்டை."

"கோர்ட் பக்கம் போனீங்கன்னா கோப்பறைதான், சொல்லிட்டேன்."

"மெமோவை அடிச்சு வைங்க. வந்து வாங்கிக்கறேன்."

ஒரே பக்கத்தில் எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. நான் தப்பாக எழுதினேன், இவர் குற்றமற்றவர், இன்றே விடுங்கள். நீதிபதி இரண்டு முறை படித்தார்.

"இதைக் குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியுங்க. அவருக்கு என்ன ஆச்சுன்னும் தெரியும்."

மாலை நாலு மணிக்கு அவரை விட்டார்கள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. மனைவி அவர் தோளை நாடாவே இல்லாமல் கையால் அளந்து பார்த்தாள். நான் எதிரே போய் நின்றேன்.

"தப்பு என்னோடது. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"அதுக்கு எனக்கு மூஞ்சி இல்லம்மா."

"கேக்காதீங்க. நான் தர மாட்டேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "இதே மாதிரி இன்னும் எத்தன பேருக்கு எழுதியிருக்கீங்கன்னு போயிப் பாருங்க."

மறுநாள் மெமோ தயாராக இருந்தது. வெள்ளைக் கார் வழக்கைப் பக்கத்து மேசைக்காரனிடம் ஒப்படைத்தேன். உண்மையான நேரத்தைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. காணாமல்போன புருஷன், அண்ணன் வீட்டில் மீதி முகத்தையும் மழித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தார்.

கோப்பறை வரைக்கும் பெரியவரே இறங்கிவந்து சாவியை நீட்டினார். எங்கள் பிரிவு முடித்த வழக்குகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன, அவற்றுக்கான நோட்டுகளோடு. கேமராவைக் காட்டி நான் உள்ளே தள்ளியவர்கள் முப்பத்தொரு பேர். ஒவ்வொரு கோப்பின் கடைசிப் பக்கத்திலும் என் கையெழுத்துக்குக் கீழே அவருடையது.

"இங்க உங்களுக்குப் பெரிசா வேலை ஒண்ணும் இருக்காது. நிம்மதியா இருங்கம்மா."

"வேலை இருக்கு சார்" என்றேன். "உங்களுக்கும் வரும்."

முதல் கோப்புக் கட்டை இறக்கி முடிச்சை அவிழ்த்தேன்.