இடது பக்கம் வெளங்கல்லியா

...குறியைத் தலை உயரத்தில் வைத்துக்கொண்டே மூலை திரும்ப வேண்டும், நிலத்தைப் பார்க்கக் கூடாது, எதிரியின் தலை எங்கே வருமோ அங்கே திரை நடுவில் இருக்கிற அந்தச் சின்னப் பச்சைச் சிலுவை முதலே போய்க் காத்திருக்க வேண்டும், மிச்சத்தை விரல் பார்த்துக்கொள்ளும்... இந்தச் சுடுகிற கேமில் உஷாந்தியை அடிக்க ஆளில்லை என்று ஜுமானா வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், ‘குரொஸ்ஹெயார் குயீன்’, அந்தச் சிலுவைக்கே ராணி என்று பட்டம் வேறு, அப்படியென்றால் இப்போது செத்தது எப்படி? சுட்டவன் இடது பக்கக் கதவோரம் நின்றவனாம், ஒளியவுமில்லையாம், முழு ஆளாக நின்றவனாம், ஹெட்செட்டுக்குள் ஜுமானா தெஹிவளையிலிருந்து கத்துகிறாள், “என்னடி, எடது பக்கம் வெளங்கல்லியா ஒனக்கு?” வெளங்கல்ல... ஜுமானா வீட்டில் அதற்குக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், உஷாந்தி வீட்டில் மண்டைக்குள் ஏறவில்லை என்று. ஒன்பதாம் வகுப்பில் முன்வாங்கில் இருந்த ஜுமானா திரும்பி, தன் தலை பலகையை மறைக்கிறதோ என்று “வெளங்குதா?” என்று கேட்டதற்கு, “எல்லாம் விளங்குது, நீ எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை” என்று வெடுக்கெனச் சொல்லி, இரண்டு பேரும் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தார்கள், பிறகு விஷயம் தெரிந்து சிரித்த சிரிப்புக்கு ரீச்சர் வெளியே அனுப்பினார். இப்போது சிரிப்பு வரவில்லை.

“நெட் லாக் அடிச்சதடி” என்றாள் உஷாந்தி. பொய். கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள், அது அலுமாரியில் போய் முட்டியது, இனித் தள்ள இடமில்லை. போன வருஷம் இதே கதிரை மேசையோடு ஒட்டித்தானே இருந்தது, முழுத் திரையும் தெரிந்ததுதானே, பிறகு ஓரங்கள் எங்கேயோ போகப் போக இவள் பின்னுக்கு வந்தாள், தள்ளிப் போனால் திரை சின்னதாகி நடுவுக்குள் அடங்குகிறது, ஹெட்செட் வயர் விறைத்து நிற்கிறது. விளையாட்டுக்குள் ஃபீல்ட் ஒஃப் வியூ என்று ஒன்று இருக்கிறது, எவ்வளவு அகலத்துக்கு உலகம் தெரிய வேண்டும் என்று இழுத்து வைக்கலாம், அதைக் கடைசி மட்டும் இழுத்தாயிற்று, கண்ணுக்கு அப்படி எங்கே போய் இழுப்பது? நடுவில் மட்டும் தெரிகிறவள் நடுவை நன்றாகத்தானே பார்ப்பாள்... அப்போ அந்தக் கெட்டித்தனம், அந்தப் பட்டம், அதெல்லாம் இதுதானா? வெளியே இருண்டுகொண்டு வருகிறது, மரின் டிரைவ் பக்கம் ரயில் போகிற சத்தம், குசினியிலிருந்து அம்மா, “லைற்றைப் போட்டிட்டு விளையாடன் பிள்ளை”. போட்டுத்தான் இருக்கிறது. மத்தியானமும் அம்மா ஏசினாள், “நேசம் அன்ரி மார்க்கெட்டடியில பக்கத்தில நிண்டு கை காட்டினவவாம், நீ கண்டும் காணாத மாதிரிப் போட்டியாம், இந்த வயசில என்ன தலைக்கனம் உனக்கு?” தலைக்கனம்... இரத்மலானைப் பெரியப்பாவையும் வருஷக்கணக்காக இதைத்தானே சொன்னார்கள், சண்முகலிங்கம் ஒருத்தரையும் மதிக்கிறதில்லை, கலியாண வீட்டில் பக்கத்தில் நின்று சிரித்தாலும் பாராத மாதிரிப் போவார் என்று, கடைசியில் ஒரு கலியாணத்தில் நிலத்தில் இருந்த குழந்தைக்கு மேலே தடக்கி விழுந்த பிறகுதான் டொக்டரிடம் கூட்டிப்போனார்கள், கண்ணின் ஓரத்திலிருந்து உள்ளுக்குத் தின்றுகொண்டு வருகிற வருத்தமாம், பரம்பரையாம். இன்று அவருக்கு ரீக் கோப்பையைக் கையில்தான் கொடுக்க வேண்டும். சொன்னால் அம்மாவின் முகம் எப்படிப் போகும்? சொல்லாவிட்டால்...

அடுத்த ஆட்டம் தொடங்குகிறது. உஷாந்தி பச்சைச் சிலுவையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இடது கையைக் காதோரம் தூக்கி விரல்களை ஆட்டினாள். இல்லை. மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தாள், கன்னம் தாண்டியும் இல்லை, கை தன்னுடையதுதானா என்றே சந்தேகம் வந்தது, கிட்டத்தட்டத் திரைக்கு நேராக வந்த பிறகுதான் சின்னிவிரல் எங்கிருந்தோ முளைத்தது. “உஷா, எடது பக்கத்தால ஒருத்தன் வாரான், இப்ப வெளங்குதா?” என்றாள் ஜுமானா. “ஓமடி... விளங்குது.” குரல் ஏன் இப்படி நடுங்குகிறது. அங்கே கீபோர்ட் சத்தம் நின்றது. “எது? எங்கட வெளங்குறதா, ஒங்கட விளங்குறதா?” எப்போதும் கேட்கிற பகிடிதான், ஆனால் இந்த முறை அவளும் சிரிக்கவில்லை. திரை சிவந்தது, இவள் திரும்பவும் செத்துப்போனாள், இடது பக்கத்திலிருந்துதான் இருக்கும். “எங்கடது” என்றாள் உஷாந்தி, “எங்கடது மட்டும்தானடி, மண்டைக்குள்ள மட்டும்.” ஹெட்செட்டுக்குள் தெஹிவளைப் பள்ளிவாசலின் மஃரிப் பாங்கு கேட்கத் தொடங்கியது, பாங்கு கேட்டதும் பை சொல்லாமலே தொழ ஓடுகிறவள் ஜுமானா, இன்று அவளுடைய மூச்சு இன்னும் காதுக்குள் இருந்தது, போகவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை... அப்போ ஜுமானாவுக்கு முதலே தெரியுமா?