ஏழாம் எண்

"கதவத் திறம்மா. உள்ளதான் இருக்கேன்னு தெரியும்."

மேற்பார்வையாளரின் குரல். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். கம்பெனி கொடுத்த வீடு. அந்த வாய் ஒரு சொல் சொன்னால் இருவரும் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"ஊரே சுவத்துகிட்ட நிக்குது. செத்தவன் பொண்டாட்டி வரலன்னா நல்லாவா இருக்கும்? முதலாளி போட்டோவுக்கு வர்றாரு."

பத்து மாதத்துக்கு முன் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய அவள் கணவன் ஏறி வரவில்லை. 'கொடுத்த விஷவாயு முகமூடியைக் கழற்றிவிட்டு இறங்கினார்' என்று கம்பெனி எழுதிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். வீடு போய்விடும் என்ற பயம். அவன் வேலைத் துணியைத் தினமும் துவைத்தவளுக்குத் தெரியும், முகத்தில் கட்ட அவனிடம் இருந்தது ஒரு பழைய துண்டு மட்டும்தான்.

அவன் நினைவாகக் கம்பெனி வரையச் சொன்ன தெருச் சுவர் முழுக்க அவன் முகம். ஓவியக்காரப் பெண் கோடு மட்டும் இழுத்து, கட்டம் கட்டமாக எண் போட்டிருந்தாள். தெருக்காரர்கள் ஆளுக்கொரு எண்ணுக்கு வண்ணம் அடிக்க வேண்டுமாம்.

"காதப் பாரு, நான் அடிச்சது," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, பழுப்பு வண்ண டப்பாவைக் காட்டி. "உசிரோட இருந்தப்ப நாம சொன்னத ஒருநாளாவது கேட்டிருக்குமா இந்தக் காது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்காகவே ஏழாம் நம்பர விட்டு வெச்சிருக்கேன்க்கா," என்று ஓவியக்காரப் பெண் நீல டப்பாவை நீட்டினாள். "முகமூடி. மரியாதையா இருக்கும்னு கம்பெனில கேட்டாங்க."

மூக்கையும் வாயையும் மூடி நின்றது ஏழு.

ஏணியில் ஏறினாள். கீழே மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் மகளின் முகம் வெளுத்திருந்தது. இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"அக்கா, அந்தப் பழுப்ப எடு."

அக்கா டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அவள் தூரிகையை முக்கி ஏழின் மேல் இழுத்தாள். முகமூடியின் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஈரம் காயுமுன் விரலாலேயே மூக்கையும் உதட்டையும் வரைந்தாள். கோணல்மாணலாக வந்தது, ஆனாலும் அவன்தான்.

"ஏம்மா! முகமூடி எங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

வெளியே வந்த குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

"அதத்தாங்க நானும் கேக்கறேன்."

தெருமுனையில் முதலாளியின் கார் திரும்பியது. "யாராவது ஏறி நீலத்த அடிங்கய்யா, சீக்கிரம்!" என்று கத்தினார் மேற்பார்வையாளர்.

அக்கா நீல டப்பாவின் மூடியை அழுத்தி மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.