வலப்பக்கத்து இறக்கைகள்

மகள் வர்ஷா இறந்து பல மாதங்கள் கழித்துத்தான் காயத்ரி அந்த அறையைத் திறந்தாள். நீலகிரி மலையில் குந்தாவில் ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பூட்டியே வைத்தால் சாமானெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும் என்று பக்கத்து வீட்டு மருதாம்பாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மேசைமேல் விமானம் அப்படியே கிடந்தது. ரத்தப் புற்றுநோய் வந்து, கோவையில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு வீட்டோடு இருந்தபோது மகள் செய்யத் தொடங்கியது. மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று இறக்கைகள் உள்ள பழங்கால விமானத்தின் சிறிய வடிவம். பெரிய தாளில் அச்சடித்த பிளானைப் பலகையில் விரித்து, கோடுகளின்மேல் எடையே இல்லாத பால்சா மரக்குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். உடலும் வாலும் முடிந்திருந்தன. இடப்பக்கத்து இறக்கைகள் இரண்டும் முடிந்திருந்தன. அதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அவள் பிளேடைத் தொடவில்லை.

மிச்சத்தைச் செய்யக் காயத்ரி உட்கார்ந்தாள். கணவர் கீர்த்திவாசன் மின்நிலையத்தில் பொறியாளர். வரைபடம் படிப்பது அவருக்கு அன்றாட வேலை. ஆனால் மகள் போனதிலிருந்து அவர் அந்த அறைப் பக்கமே வருவதில்லை. லீவு நாளில்கூட ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மனைவி என்ன செய்கிறாள் என்று தெரிந்தும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மழையைப் பற்றியும் அணையில் தண்ணீர் ஏறுவதைப் பற்றியும் பேசினார்கள்.

முதலில் குச்சிகள் உடைந்தன. பசை விரலில் காய்ந்து தோலோடு உரிந்தது. மழை ஓயும் சமயத்தில் இரண்டு இறக்கைகளும் ஒருவழியாக முடிந்தன. எடுத்து உடலின் வலப்பக்கம் வைத்துப் பார்த்தாள். முன்னால் இருக்க வேண்டிய தடித்த விளிம்பு வால் பக்கம் பார்த்தது. புரட்டி வைத்தால் அடிப்பக்கம் மேலே வந்தது.

ஷிப்டு முடிந்து வந்த கீர்த்திவாசன் டீ கேட்டுக் கூப்பிட்டார். பதில் வராததால் தேடிக்கொண்டு வந்தார். இறக்கைகளை மடியில் வைத்துக்கொண்டு காயத்ரி தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றார்.

"ரெண்டுமே இடப்பக்கத்துது, காயத்ரி."

"பிளான்ல இருக்கற மாதிரியேதானுங்க செஞ்சேன்."

"பிளான்ல ஒரு பக்கந்தான் போட்டிருப்பாங்க. இன்னொரு பக்கத்துக்குத் தாளைத் திருப்பணும்."

உள்ளே வந்து, தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தாள் முழுக்கத் தடவினார். தாள் கண்ணாடி போலானது. திருப்பிப் போட்டதும் கோடுகள் மறுபக்கம் தெளிவாகத் தெரிந்தன. கூடவே வர்ஷா பென்சிலால் எழுதியவையும் தெரிந்தன. ஒட்டி முடித்த ஒவ்வொரு துண்டின் அருகிலும் 'சரி' என்று எழுதியிருந்தாள். அந்த எழுத்துகள் இடம் வலம் மாறி நின்றன. ஒன்றின்மேல் விரலை வைத்தவர் எடுக்கவில்லை. தோள்கள் குலுங்கின. காயத்ரி எண்ணெய்க் கிண்ணத்தை மெதுவாக நகர்த்தி வைத்தாள்.

அதன்பின் இருவரும் சேர்ந்து செய்தார்கள். குச்சிச் சட்டத்தின்மேல் மெல்லிய காகிதம் ஒட்டுவதில் சண்டைகூட வந்தது. தை பிறந்தபோது விமானம் தயாரானது. கண்ணாடிப் பெட்டி செய்து கூடத்தில் வைக்கலாம் என்றார் கீர்த்திவாசன்.

"பெட்டிக்குள்ள வெக்கறதுக்கா அவ செஞ்சா? பறக்கட்டுங்க" என்றாள் காயத்ரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துக்கு மேலிருந்த புல்மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் இருந்த விசிறியைச் சுற்றிச் சுற்றி உள்ளே இருந்த ரப்பரை முறுக்கினார் கீர்த்திவாசன். காயத்ரி கையிலிருந்து விட்டாள். விமானம் ஒரு வட்டமடித்தது. கீழிருந்து வந்த காற்று அதைத் தூக்கியது. சவுக்கு மரங்களைத் தாண்டி உயர்ந்து, பள்ளத்திலிருந்து ஏறிவந்த மூடுபனிக்குள் போய் மறைந்தது.

சாயங்காலம் வரை தேயிலைச் செடிகளுக்கிடையே தேடினார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் சிலரும் வந்து கூடத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் காரியத்தன்றும் அழாத காயத்ரி, செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கீர்த்திவாசன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், இன்னொன்று செய்யலாமா என்று கேட்டார்.

"இப்ப வேண்டாங்க" என்றாள்.

குளிர் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் ரோட்டைப் பார்த்து மெதுவாக நடந்தார்கள்.