ஜனாதிபதியின் கோட்டுப் பையில் போன ஆறு

ஜனாதிபதி ஆம்ப்ரோஸ் விக்கர் எங்கள் டான்சி ஆற்றைத் தன் கோட்டின் இடது பையில் போட்டுக்கொண்டது ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். அந்த வாரம் மினசோட்டாவில் முட்டை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. காலையில் ஹெகர்வில் ஜனங்கள் எழுந்து பார்த்தபோது, ஆறு இருந்த இடத்தில் சேறும், யார் யாரோ தொலைத்த ஒற்றை பூட்ஸுகளும்தான் கிடந்தன.

தப்பு எங்கள் தொகுதி உறுப்பினர் பேரில்தான். ஊர் கேட்டது ஒரே ஒரு பாலம். சின்ன மசோதாவை எவன் மதிப்பான் என்று அவர், 'டான்சி ஆறு, அதன் கரைகள், அதிலுள்ள மீன்கள், மேலே ஒரு பாலம்' என்று ஊதிப் பெருக்கி எழுதிவிட்டார். இரண்டு அவைகளும் அதை நிறைவேற்றிவிட்டு விடுமுறைக்குக் கிளம்பின. சபை கூடியிருக்கும்போது ஜனாதிபதி கையெழுத்துப் போடாமல் பத்து நாள் வைத்திருந்தால் மசோதா தானாகச் சட்டமாகிவிடும். சபை வீட்டுக்குப் போயிருந்தால் தானாகச் செத்துவிடும். இதற்கு வாஷிங்டனில் 'பாக்கெட் வீட்டோ' என்று பெயர். மற்ற ஜனாதிபதிகளுக்குப் பாக்கெட் என்பது பேச்சுக்குத்தான். காகிதம் மேசை இழுப்பறையில் கிடக்கும். விக்கர் அப்படிப்பட்டவர் அல்ல. அரசாங்கக் காசில் யாராவது குண்டூசி வாங்கினால்கூட வயிறு எரிகிற மனிதர், எதையும் சொன்னது சொன்னபடி செய்கிறவர். பாக்கெட் என்றால் பாக்கெட்தான் என்று மசோதாவை மடித்துப் பையில் வைத்து, ஊக்குக் குத்தி, தூங்கப் போனார். கெடு முடிந்ததும் அதில் எழுதியிருந்ததெல்லாம் பைக்குள் போயிற்று. பாலம் மட்டும் போகவில்லை, அது இன்னும் பிறக்கவே இல்லையே.

ஆறு போனதில் ஊருக்கு முதலில் சந்தோஷம்தான். பாலமே வேண்டாம், நடந்தே அக்கரைக்குப் போகலாம் என்று குதித்தார்கள். வயிற்றில் அடி விழுந்தது மாவு மில்லுக்காரி ஹுல்டா பிராண்ட்வாலுக்கு. புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த மில் ஒன்றுதான். தண்ணீர் இல்லாமல் சக்கரம் நின்றுபோயிற்று. அறுவடை முடிந்து கோதுமை மூட்டைகள் கூரையைத் தொட்டன. பனி விழுவதற்குள் அரைத்துத் தராவிட்டால் விவசாயிகள் பக்கத்து ஊருக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள், அப்புறம் அவள் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான். பாலம் கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியதும் இதே ஹுல்டாதான் என்பதை ஊரில் ஒருவர்கூட அவளுக்கு நினைவுபடுத்தாமல் விடவில்லை.

வெள்ளை மாளிகையிலும் நிலைமை சிலாக்கியமாக இல்லை. விருந்தில் ஜனாதிபதி குனிந்தால் பையிலிருந்து மீன் ஒன்று துள்ளி வெளிநாட்டுத் தூதரின் சூப்பில் விழும். கோட்டைக் கழற்றி மாட்டினால் அந்த அறை முழுகிவிடும், ஆகவே கழற்றாமலே தூங்கினார். துடைக்க ஆள், இறைக்க ஆள், நனைந்த கம்பளத்தை உலர்த்த ஆள் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. கையிருப்பு தீர்ந்ததும் துடைப்பத்துக்குப் பணம் கேட்டுச் சபையை அவசரமாகக் கூட்டினார். சபை தாராளமாகக் கொடுத்தது. அந்த மசோதாவிலேயே கண்ட கண்ட ஊருக்கெல்லாம் நாற்பது தபால் ஆபீசையும், கடலே இல்லாத மாநிலத்துக்கு ஒரு கலங்கரை விளக்கத்தையும் சேர்த்துவிட்டது. மொத்தமாகக் கையெழுத்துப் போடலாம், இல்லை மொத்தமாக வீட்டோ செய்யலாம். நடுவில் ஒரு வரியை மட்டும் அடிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் கிடையாது. விக்கர் பேனாவைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஹுல்டா ரயிலேறி வந்து நின்றாள்.

“ஐயா, என் ஆத்தைக் குடுங்க.”

“முடியாதும்மா. பையிலேர்ந்து மசோதாவை வெளிய எடுத்தா நான் தோத்துட்டேன்னு அர்த்தம். அப்புறம் ஊரூரா பாலம் கேட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.”

“பாலத்துக்கு ஆகுற காசு துடைப்பத்துக்கே ஆயிடுச்சே! இதுக்குப் பேருதான் சிக்கனமா? எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு.”

கதவோரம் நின்ற காரியதரிசி சிரிப்பை அடக்க இருமினார். விக்கரின் முகம் சிவந்தது. “என்னை என்னம்மா பண்ணச் சொல்றே? தபால் ஆபீசை எல்லாம் தலையில கட்டித்தான் துடைப்பமே தர்றானுங்க!”

“துடைப்பமே வேண்டாம். மசோதா உள்ளயே கெடக்கட்டும், தண்ணி மட்டும் போகட்டும். அசையாம நில்லுங்க.”

கைப்பையிலிருந்து சாக்கு ஊசியை எடுத்து, கோட்டுப் பையின் அடியில் இரண்டே தையலைப் பிரித்தாள். டான்சி ஆறு ஜனாதிபதியின் கால்சட்டை வழியாக இறங்கி, படி தாண்டி, ரயில் பாதையை ஒட்டியே ஒஹாயோ, இல்லினாய் எல்லாம் கடந்து, யாரிடமும் வழி கேட்காமல் ஊர் வந்து சேர்ந்தது. மசோதா ஊக்கில் அப்படியே தொங்கியது, ஆகவே சட்டப்படி எதுவும் நடக்கவில்லை. துடைப்ப மசோதாவை விக்கர் அன்றே வீட்டோ செய்தார். சக்கரம் முதல் சுற்றுச் சுற்றியபோது ஹுல்டா, மாவும் கண்ணீருமாக, வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதாள். மூட்டைகள் அத்தனையையும் பனிக்கு முன்பே அரைத்துவிட்டாள்.

அடுத்த தேர்தலில் விக்கர் தோற்றார். தன் பையிலேயே மீன் பிடித்துப் பழகிய மனிதருக்கு வேறு இடம் பிடிக்கவில்லை. எங்கள் ஊரிலேயே வீடு பார்த்துக்கொண்டார். மசோதா உள்ளே இருக்கும்வரை ஆற்றின் மேல் அந்தப் பைக்கு உரிமை இருந்தது. சந்தை நாளில் அவர் கரைக்கு வந்து பையை விரிப்பார், ஆறு சத்தமில்லாமல் உள்ளே போகும், ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு நிற்பார், வண்டிகள் வரிசையாக அக்கரைக்குப் போகும். இதற்கு அரசாங்கத்துக்கு ஒரு சென்ட் செலவில்லை. பாலம் இன்றுவரை கட்டப்படவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

“பாலம் வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்ல?” என்பார், ஒவ்வொரு வண்டிக்காரனிடமும்.

நின்றுபோன சக்கரத்தின் பக்கத்திலிருந்து ஹுல்டா கத்துவாள். “பெருமை எல்லாம் அப்புறம் பீத்திக்கலாம்! தண்ணிய விடுய்யா, கோதுமை பாதியில நிக்குது!”

முன்னாள் ஜனாதிபதி உடனே விரலை எடுத்துவிடுவார்.