இரண்டு இறக்கை போதும்

கடை மேசைமேல் படகு எஞ்சினுக்கான இரண்டு பித்தளை புரொப்பெல்லர்கள் இருந்தன. ஒன்றுக்கு மூன்று இறக்கை, மற்றதற்கு இரண்டு. மூன்று இறக்கைக்காரனை அண்ணன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விடவே இல்லை.

"எதிர்நீரோட்டத்துல தள்ளணும்னா மூணுதான். முப்பது வருஷமா படகு எஞ்சின் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். ஆனால் படகு தங்கையுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய சின்னப் பாய்மரப் படகு.

"எஞ்சின் துறைக்குள்ள வந்து போகத்தாண்ணே. வெளிய காத்து பாத்துக்கும். பாய்ல ஓடும்போது உன் மூணு றெக்கையும் அடியில நின்னு தண்ணியப் பிடிச்சு இழுக்கும். ரெண்டுன்னா செங்குத்தா நிறுத்திட்டா அடிக்கட்டைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும்."

"ரெண்டையுமே எடுத்துக்கங்களேன்" என்றார் கடைக்காரர். வியாபாரி புத்தி!

அண்ணன் எழுந்துவிட்டார். "சரி, உன் இஷ்டப்படி ரெண்டு றெக்கையே வாங்கு. நீர் கடலுக்கு வடியற நேரத்துல, எஞ்சினை மட்டும் வச்சு முகத்துவாரத்துக்குள்ள வந்து காட்டு. வந்துட்டா இனிமே நீ தனியாப் போகலாம். இல்லேன்னா நான் ஏறாம படகு நகராது."

தனியாகப் போக வேண்டும். அவள் கேட்டதே அது ஒன்றுதான். நாற்பது பிள்ளைகளைத் தினமும் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிறவளுக்கு, படகில் மட்டும் பின்னால் அண்ணன் மாமியார் மாதிரி உட்கார்ந்து அதிகாரம் செய்ய வேண்டுமாம்.

"சரி" என்றாள்.

புரொப்பெல்லரை மாட்டினாள். இறக்கை நிமிர்ந்து நிற்கும் இடம் உள்ளிருந்தே தெரிவதற்காக, எஞ்சின் அச்சில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்தில் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது. படகு நகர்ந்தால்தானே! தடுப்புச் சுவரில் இருந்த துருப்பிடித்த ஏணி, பத்து நிமிடமாக அதே இடத்தில் நின்று அவளைப் பார்த்தது. படகில் கூட வந்திருந்த அண்ணன் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். அவளுக்கு அழுகை முட்டியது, அதைவிட ஆத்திரம் முட்டியது.

பக்கவாட்டில் நல்ல காற்று இருந்தது. பாயை ஏற்றினாள். எஞ்சினை அணைத்தாள். "சுக்கானைப் பிடி" என்று அண்ணனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே குனிந்து வெள்ளைக் கோடு மேலே வரும்வரை அச்சைத் திருப்பினாள். படகு சாய்ந்துகொண்டு கிளம்பியது. ஏணி பின்னால் போனது.

"எஞ்சின் மட்டும்னுதானே பேச்சு?" என்றார் அண்ணன்.

"ஆமா."

"அப்ப நீ தோத்துட்டே."

"தோத்துட்டேன்." படகைத் துறையோரம் அணைத்தாள். "இறங்குண்ணே."

இறங்கியவர் பழக்கதோஷத்தில் கயிற்றைக் கட்டக் குனிந்தார்.

"கட்டாதே. நான் திரும்பக் கடலுக்குப் போறேன்."

"தனியாவா? வாக்குன்னு ஒண்ணு இல்லையா?"

"பந்தயத்துலதான் தோத்தேன். படகு ஓட்டறதுல இல்ல. இப்ப உன்னையும் சேத்துக் கொண்டாந்து இறக்கிவிட்டது யாரு?"

அண்ணன் கயிற்றை இறுகப் பிடித்தார். விடவில்லை. அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.